தண்ணியில்லாக் காட்டின் கணக்கு

எங்கள் அலுவலகத்தில் யாராவது மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "பார்த்துங்க, தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிடப் போறாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிப்பு அடங்கியதும் யாருக்காவது ஞாபகம் வந்து தொலைக்கும். "சார், உங்க ஊரு அந்தப் பக்கம்தானே?"

அந்தப் பக்கம்தான். ராமநாதபுரம் மாவட்டம், ராஜசிங்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ராஜசிங்கமங்கலம் என்று முழுசாகச் சொன்னால் நடத்துநர் ஒரு நொடி யோசிப்பார், ஆர்.எஸ்.மங்கலம் என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார்.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் இல்லாததற்குப் பேர்போன இந்த மாவட்டத்தில் நாங்கள் பெருமை பேசுவதே தண்ணீரை வைத்துத்தான். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். ஒரே கரையில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகள் நாற்பத்தெட்டு. ஒரு முனையில் கிளம்பிய நாரை மறுமுனைக்கு ஒரே மூச்சில் போய்ச் சேராது என்று அர்த்தம். அப்பத்தா இதைச் சொல்லும்போது அவளே அந்தக் கரையை வெட்டியது போல முகம் இருக்கும். பாண்டியன் காலத்துக் கண்மாய் அது. ஊருக்கு உள்ள ராஜசிங்கன் பெயரே அந்தக் காலத்துப் பெயர்தான்.

நாற்பத்தெட்டு மடை வைத்துக் கண்மாய் கட்டிய ஊர் எப்படித் தண்ணியில்லாக் காடு ஆனது? சின்ன வயதிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி உண்டு. பதிலைத் தேடிப் போனால் வானத்தைப் பார்க்க வேண்டியதைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதுதான் அதிகம் என்று ஆகிவிட்டது.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, மானாமதுரையிலிருந்து கிழக்கே தொண்டி வரைக்கும், தெற்கே சாயல்குடி வரைக்கும் நகர்த்திப் பாருங்கள். பிறை பிறையாக, செதில் செதிலாக, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்கள் தெரியும். மீனின் முதுகு மாதிரி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, தென்கிழக்கே மிகமிக மெதுவாகச் சரிகிறது. மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது, அணை கட்ட இரண்டு குன்றுகூடக் கிடையாது. அந்த மாதிரித் தட்டை நிலத்தில் தண்ணீரை நிறுத்த ஒரே வழிதான்: சரிவுக்குக் குறுக்கே மண்ணைக் குவித்து வளைவாக ஒரு கரை போடுவது. மேல் கண்மாய் நிரம்பினால், மிச்சத் தண்ணீர் வழிவதற்கென்று கரையில் கட்டிய கலுங்கு வழியாக மறுகால் போகும். அந்த மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்துக்கால். அது நிரம்பி வழிந்தால் அதற்குக் கீழே இன்னொன்று. கடைசிக் கண்மாய் வழிந்தால் கடல்.

இதில் ஒரு கண்மாய் உடைந்தாலோ தூர்ந்தாலோ அந்த ஊரோடு போகாது. மேல் ஊர்க்காரன் கலுங்கை அரை முழம் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊர்க்காரன் வயல் காயும். மடையில் கீழ் ஊர்க்காரன் அரிவாளோடு நிற்பான். ஆக, கண்மாய் என்று நாம் சொல்வது தனித்தனிக் குளம் இல்லை. ஊருக்கு ஊர் கைமாற்றிக்கொள்ளும் ஒரே தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஆறு இல்லையா என்றால், வைகை இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் கடந்து 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து படுத்துக்கொள்கிறது. கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் கடலைத் தொடும். கடல் சிவபெருமானுக்கு நஞ்சு கொடுத்த பாவி, அதனால்தான் வைகை அதனிடம் போவதில்லை என்று பழைய தனிப்பாடல் ஒன்று சொல்கிறது. அழகான சாக்கு. உண்மையில் வழியெல்லாம் கால்வாய் வெட்டி ஊர் ஊராகக் குடித்துத் தீர்த்துவிடுகிறோம். கடலுக்குப் போகாத ஆறு என்பது ஒரு காலத்தில் நிர்வாகத் திறமையின் அடையாளம். இப்போது பஞ்சத்தின் அடையாளம் போலப் பேசுகிறோம்.

மழையோ வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். இது பாலைவனக் கணக்கே இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒரு வருஷம் ஊரே மிதக்கும், அடுத்த இரண்டு வருஷம் கரையில் ஆடு மேயும். சராசரி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மதிப்பு கிடையாது. அதனால்தான் இங்கே நாற்று விட்டு நடுகிற வழக்கம் குறைவு. ஆவணி, புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணை உழுது புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை வந்தால் முளைக்கும். பிறகு கண்மாய் பெருகினால் விளையும். விதைநெல்லை வெறும் தூசியில் தூவிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சீட்டாட்டத்தில் பணம் வைப்பவன் முகத்துக்கும் அந்த முகத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

இப்படி ஒரு நிலத்தில் வரி எப்படி வாங்குவது? பழைய முறை, விளைந்ததைக் களத்தில் குவித்துப் பங்கு பிரிப்பது. ஆள்பவனுக்கு மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம். அதற்கு முன்னால் மடை திறக்கிற நீர்பாய்ச்சியிலிருந்து தச்சர், கொல்லர், வண்ணார் வரைக்கும் அவரவர் படியை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். இந்த முறையில் அநியாயம் இல்லாமல் இல்லை. மேல்வாரம் பாதிக்குப் பாதிகூடப் போகும். கணக்குப்பிள்ளை மரக்காலைச் சாய்த்து அளப்பார். அறுத்த நெல்லை அளக்க ஆள் வரும்வரை களத்தில் மழையில் நனைய விடுவார்கள். ஆனாலும் ஒரு விஷயம் இருந்தது. விளையாத வருஷம் ஆள்பவனுக்கும் பங்கு கிடையாது. கண்மாய் உடைந்தால் அரண்மனைக்கும் நஷ்டம். அதனால் கரையில் அரண்மனைக்கும் ஒரு கண் இருந்தது.

அந்த அரண்மனை சேதுபதிகளுடையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் அங்கீகாரத்தோடு தொடங்கிய மறவர் அரசு. ராமேசுவரம் போகும் வழிக்குக் காவலர்கள் என்பதால் சேதுபதி. கிழவன் சேதுபதி காலத்தில்தான் தலைநகர் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு வந்தது. அவருக்குப் பிறகு வாரிசுச் சண்டை. 1730 வாக்கில் நாட்டை ஐந்து கூறு போட்டு, இரண்டு கூறு சிவகங்கையாகவும் மூன்று கூறு ராமநாதபுரமாகவும் பிரிந்தன. தண்ணீர் மட்டும் பிரியவில்லை. சிவகங்கைக் கண்மாயின் மறுகால் இன்றைக்கும் எங்கள் கண்மாய்க்கு வரத்து.

1772இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை வந்தது. அந்த ஜூனில் ராமநாதபுரம் கோட்டை விழுந்தது. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் தாயாரோடு திருச்சியில் சிறை வைத்தார்கள். அதே ஜூன் மாதம் காளையார்கோவிலில் சிவகங்கையின் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் எட்டு வருஷம் காத்திருந்து சீமையை மீட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. சேதுபதியின் கதை அவ்வளவு தெரியாது. அவர் விடுதலையாகித் திரும்பி வந்து ஆண்டார்; கம்பெனியின் துணி வியாபாரத்துக்கு வளைந்துகொடுக்கவில்லை; 1795இல் மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1809இல் சென்னையில் கைதியாகவே செத்துப்போனார். சிறுவயதிலேயே தொடங்கி வாழ்க்கையில் ஏறக்குறைய பாதி சிறை. எங்கள் பக்கத்து மேடைகளில் அவர் பெயரை ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்துக் கைகலப்பானது இதே ராமநாதபுரத்து ராமலிங்க விலாசத்தில்தான். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். அதோடு சண்டை முடிந்தது.

சண்டை முடிந்ததும் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள்.

1793இல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் ஒரு ஏற்பாட்டைச் செய்திருந்தார். ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஒரேயடியாக, என்றென்றைக்கும் என்று நிர்ணயித்துவிடுவது. வறட்சி, வெள்ளம் என்று சொல்லிக்கொண்டு தள்ளுபடி கேட்டு வரக் கூடாது. கட்டத் தவறினால் நிலம் ஏலம். கங்கைப் படுகையில், நூறு ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டும் மண்ணில் போட்ட கணக்கு அது. 1802இல் சென்னை மாகாணத்துக்கும் அதையே சட்டமாக்கினார்கள். 1803இல் முத்துராமலிங்க சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கு ராமநாதபுரத்துக்கான பட்டயம் கொடுத்தார்கள். சேதுநாட்டு ராணி அன்றோடு ஜமீன்தாரிணி ஆனார். 2000க்கும் மேற்பட்ட கிராமங்கள். சர்க்காருக்குக் கட்ட வேண்டிய, ஆண்டுதோறும் மாறாத பேஷ்குஷ் தொகை.

அந்த 'மாறாத' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. எங்கள் மண்ணில் மாறாதது என்று ஒன்று உண்டா? மழை மாறும், வரத்து மாறும், விளைச்சல் மூன்று வருஷத்தில் மூன்று மாதிரி இருக்கும். அதன்மேல் ஒரு நிரந்தரத் தொகையை எழுதி வைத்தார்கள். மழையைக் கேட்காமல் எழுதிய பத்திரம். (ஒரு பக்கக் கதை: மன்னார் வளைகுடாவில் எங்கள் ஆட்கள் மூழ்கி எடுத்த சங்கு, கீழக்கரைப் பக்கமிருந்து கப்பலேறி வங்காளத்துக்குப் போய் வளையலாகிக்கொண்டிருந்தது. சங்கை அனுப்பினோம், ஜமீன்தாரி முறை திரும்பி வந்தது. நல்ல வியாபாரம்.)

தாமஸ் மன்றோ போன்றவர்கள் இதை எதிர்த்துப் பேசி, 1820க்குப் பிறகு மாகாணத்தின் பெரும்பகுதியில் உழவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்துவிட்டது. அதிலும் கொடுமைகள் உண்டு. ஆனால் அந்தப் பகுதிகளில் கண்மாய் சர்க்கார் சொத்து. மராமத்து பார்க்க ஒரு இலாகா வந்தது, பொறியாளர்கள் வந்தார்கள். ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீனாகவே இருந்துவிட்டன. இங்கே கண்மாய் ஜமீன்தாரின் பொறுப்பு. கரையில் மண் போட்டால் செலவு அவருக்கு. போடாவிட்டால் அந்த வருஷத்துக்கு மிச்சம். பேஷ்குஷ் தேதிக்குக் கட்டியாக வேண்டும். கரை அடுத்த வருஷம் வரை பொறுத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் வரை பொறுத்துக்கொள்ளும் பொருளுக்கு என்ன கதி நேரும் என்று வீட்டுக் கூரையை ஒத்திப்போட்ட யாருக்கும் தெரியும்.

ஜமீன்தார்களை மட்டும் திட்டுவதும் எளிது. அவர்கள் பணம் எங்கே போனது என்றால், கணிசமாகக் கோர்ட்டுக்குப் போனது. நிலம் மொத்தமாக ஒரே ஆளின் சொத்து என்று ஆன பிறகு, வாரிசு யார் என்பதே பெரிய தொழிலாகிவிட்டது. சிவகங்கையில் 1829இல் ஜமீன்தார் இறந்ததும் தொடங்கிய வழக்கு, மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பானது 1863இல். முப்பத்து நாலு வருஷம். ராமநாதபுரத்தில் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் அனுமதி கொடுக்காமலே இறந்துவிட்டார், பங்காளிகளின் சம்மதம் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே சுவீகாரம் செல்லாது, ஜமீன் சர்க்காருக்கே சேர வேண்டும் என்று மதுரைக் கலெக்டரே வழக்காடினார். 1868இல் பிரிவி கவுன்சில் சுவீகாரம் செல்லும் என்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சட்ட வாசகத்தைவிட வலியது என்று அதில் சொன்ன வரியைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் 'ராம்நாடு கேஸ்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். நண்பன் ஒருவன் தேர்வுக்குப் படிக்கும்போது என்னிடம் பெருமையாகச் சொன்னான், "உங்க ஊரு கேஸுடா". பெருமைதான். அந்தப் பெருமைக்கு எத்தனை கலுங்கு விலையானது என்று அவனிடம் கேட்கவில்லை.

வழக்கில் வென்ற அந்தச் சுவீகாரப் பையன், இன்னொரு முத்துராமலிங்க சேதுபதி, 1873இல் இறந்தார். மகன் பாஸ்கரனுக்கு அப்போது ஐந்து வயது. ஜமீன், வயதுக்கு வராத வாரிசுகளின் சொத்தை நிர்வகிக்கும் சர்க்கார் அமைப்பான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கைக்குப் போனது. 1876இலிருந்து 1878 வரை தென்னாட்டைக் கொன்ற தாது வருஷப் பஞ்சம் அந்த நிர்வாகத்தின்போதுதான் வந்தது. பாஸ்கர சேதுபதி 1889இல் பொறுப்பேற்றார். படித்தவர், தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர், விவேகானந்தர் 1897 ஜனவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர். கொடுத்துக் கொடுத்துக் கடனில் மூழ்கி 35 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் ஒரு பிரியம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் கண்மாய்க் கரையில் நின்று யோசித்தால் பிரியம் கொஞ்சம் தள்ளாடும்.

பெரியாற்றுக் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மேற்கே கேரளப் பக்கம் ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பலாம் என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது? அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேதுபதியின் பிரதானியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளைக்கு. பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார் என்று ஆங்கிலேயப் பொறியாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். முடியும் என்றுதான் அவர்கள் வந்து சொன்னார்கள்; கையில் பணம் இல்லை. கடைமடைக்காரனுக்குத்தான் தலைமடையைப் பற்றி யோசிக்கத் தோன்றும். 1808இல் கேப்டன் கால்டுவெல் என்பவர் போய்ப் பார்த்துவிட்டு, இது வெறும் பகற்கனவு, இதற்குமேல் கவனிக்கத் தகுதியில்லை என்று எழுதினார். எண்பத்தேழு வருஷம் கழித்து, 1895இல், அந்தப் பகற்கனவு அணையாக நின்றது. தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது, மதுரைக்கு வந்தது, மேலூருக்கு வந்தது. எங்களுக்கு? யோசனையை முதலில் கண்டவர்கள் என்ற பெருமை வந்தது.

தண்ணீர் வராத ஊரிலிருந்து ஆட்கள் கிளம்புவார்கள்.

1830களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவான். திருச்சி, புதுக்கோட்டை, ராம்நாடு என்று பல சீமைகளிலிருந்தும் நடந்தே ராமேசுவரம் வந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் மறுபடியும் நடை. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பி 1869இல் வந்த இலைநோயில் அழிந்து தேயிலை வந்தது, நடை நிற்கவில்லை. அப்பத்தா இலங்கை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கண்டிச்சீமை என்பாள். அவளுடைய பெரியப்பா கண்டிச்சீமைக்குப் போனவர். அவர் போன காலத்தில் நடை போய் ரயில் வந்துவிட்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்.

ஆனால் ரயிலிலிருந்து நேரே கப்பலுக்குப் போக முடியாது. நடுவே மண்டபம் கேம்ப். இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. கூலிகளை இறக்கி, குளிப்பாட்டி, துணியை ஆவியில் வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரியும்வரை சில நாள் அடைத்து வைத்து அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்கு என்று எண் பொறித்த தகரத் தகடு ஒன்று கழுத்தில். அதே ரயிலில் முதல் வகுப்பில் வந்த துரைகளும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செட்டியார்களும் இறங்காமல் போவார்கள். காரைக்குடியும் அப்போது ராம்நாடு மாவட்டம்தான். ஒரே வறண்ட மண்ணிலிருந்து ஒருவர் வட்டிக்கடை வைக்கக் கப்பலேறினார், ஒருவர் கொழுந்து பறிக்க. வட்டிக்கடைக்காரர் திரும்பி வந்து பர்மாத் தேக்கில் தூண் வைத்து வீடு கட்டினார்.

அப்பத்தாவின் பெரியப்பா திரும்பி வரவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. எழுபதுகளில் அவருடைய பேரன் ஒருவர் குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கி முதலில் தங்கியது எங்கே தெரியுமா? மண்டபம் கேம்ப்பில். தாத்தாவை அம்மை குத்தி அனுப்பிய அதே இடம். எங்கள் ஊருக்கு ஒரு தடவை வந்தார். அப்பத்தா அவரைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். வந்தவர் இரண்டு நாள் கண்மாயைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், பிறகு நீலகிரிக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கே வேலைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்த பயிர் அதுதான். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களும் அதே முகாமில்தான் வந்து இறங்கினார்கள். இன்னும் இருக்கிறார்கள்.

1910இல் மதுரை மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி 'ராம்நாடு' என்று ஒரு மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ராமேசுவரத்துக் கடலிலிருந்து மேற்கே ராஜபாளையத்து மலையடிவாரம் வரை. பிரையன்ட் என்பவர் முதல் கலெக்டர். அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ராம்நாடு கலெக்டர் அலுவலகம் இயங்கியது மதுரையில்! தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலாகி வந்த பெரிய அதிகாரிகள் வைகைக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒரு மனு கொடுக்க ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்வான். இன்றைய கேலியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம்.

அடுத்த வருஷம், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்க்காவலுக்குப் படி வாங்கிக்கொண்டிருந்தவர்களின் காவல் உரிமையைக் கம்பெனி ஆட்சி ஒழித்தது. அவர்களின் பேரன்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பேரேட்டில் ஏற்றியது அடுத்து வந்த ஆட்சி. 1929இல் முதுகுளத்தூர்ப் பக்கம் ஆப்பநாட்டு மறவர்கள் மேல் அது பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துக் கிளம்பினார். சட்டம் போனது 1947இல். அந்தப் பக்கம், கமுதியில், 1897இல் நாடார்கள் கோவிலுக்குள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தாழ்த்தப்பட்டவர்களின் கதை எந்தக் கோர்ட்டுக்கும் போகக்கூட இல்லை. எங்கள் ஊர் மடைக்குடும்பர் தலைமுறை தலைமுறையாக மடை திறந்தவர். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே எத்தனை நாள் வரும் என்று சொல்வார். அவருக்கென்று சொந்தமாக ஒரு செய் நிலம் இருந்ததில்லை. கண்மாய்ப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஒத்திப்போட்ட கரைகள் எல்லாம் அரசு கைக்கு வந்தன. பெரியவை பொதுப்பணித் துறைக்கு, 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. இன்றும் அரசு ஆவணங்களில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு 'எக்ஸ் ஜமீன்' என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஜமீன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது, கண்மாய் மட்டும் இன்னும் மாஜி ஜமீனாகவே இருக்கிறது. மேல் கண்மாய் ஒரு துறையிலும் கீழ்க் கண்மாய் இன்னொரு துறையிலும் இருந்தால் நடுவே உள்ள வரத்துக்கால் யாருடையது என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். இரண்டு மேசைகளுக்கு நடுவே நாலு மாதம் நடந்தேன்.

1985 மார்ச்சில் மாவட்டத்தை மூன்றாக உடைத்தார்கள். விருதுநகர், சிவகாசி ஒரு பக்கம் போயின. வறண்ட காற்றையே மூலதனமாக்கித் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைத்துக்கொண்ட ஊர்கள். சிவகங்கை தனியாகப் போனது. மிச்சம் கடற்கரையும் கடைமடையும் பழைய பெயரும் எங்களுக்கு. கலெக்டரும் கடைசியில் ராமநாதபுரத்துக்கே வந்து சேர்ந்தார்.

கண்மாய்க்குள் இப்போது கருவைதான் பயிர். காமராஜர் காலத்தில் விறகுக்காக விதைத்தது என்று ஊரில் சொல்வார்கள். சீமைக்கருவை தென்னிந்தியாவுக்கு வந்தது 1870களிலேயே. அதுவும் சீமையிலிருந்து வந்த கணக்குதான். ஆனால் அதை வாய்க்கு வந்தபடி திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை. நெல் பொய்த்த வருஷங்களில் கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை கொதித்தது. என் கல்லூரிக் கட்டணத்தில்கூட ஒரு பங்கு கரிக்காசு.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். நாலு நாள் அடைமழை விட்டிருந்தது. சித்தப்பாவோடு கரையில் நடந்தேன். உள்வாயில் கருவைத் தலைகள் தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கலுங்கில் நாட்டியிருக்கும் கல்லைக் காட்டி, "இன்னும் ஒரு முழம் ஏறணும்ப்பு, ஏறுனா மறுகால் போகும்" என்றார். மேல் கண்மாய் உடைப்பெடுத்துவிட்டதாகவும் மணல்மூட்டை அடுக்குவதாகவும் செய்தி வந்திருந்தது. அது நின்றால்தான் எங்களுக்கு வரத்து. புழுதியில் விதைத்த நெல் முழங்கால் உயரம் நின்றது.

ஊரிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் கேட்டேன், "மறுகால் போகுதா?"

"மறுகால் எங்க போக, உடைப்பை அடைக்க முடியல. ஆனா அரைக் கண்மா இருக்கு. நடுமடையத் தெறந்துட்டோம். நீ அடுத்த வாட்டி வரையில யூரியா ரெண்டு மூட்டைக்குக் காசு கொண்டா."